அந்த வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டது யார்?

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம் வந்து பாதியில் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. பல்லாவரம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். மெஷின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய குரல். வீட்டில் காபி கேட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரல் குழறிப் போய், வலது கையும் காலும் விழுந்து, விழுங்குகிற சக்தியும் பாதி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் விழுங்குவதற்குப் பயிற்சி கொடுத்த பெண் எனக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுக்கவே கூடாது. ஒரு பவுடரைக் கலந்து கூழ் மாதிரி கெட்டியாக்கி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லி, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். "தாகம்னு கெஞ்சுவார், மனசு இளகிடாதீங்க" என்றார்.

நான் குரோம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வெளியூரில். நான் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும் என்கிற நிலைமை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். எங்கள் பக்கம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்குகிறதே, 'ஹோம் நர்சிங், முதியோர் நோயாளி பராமரிப்பு' என்று தட்டி, அதில் ஒன்றைப் பார்த்துத்தான் போன் செய்தேன். வருகிறவர் பெண் என்றால் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நமக்குப் பாதி பயம் போய்விடும். என்ன படித்தீர்கள் என்று கேட்க வாய் வராது. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நாமே கூச்சப்படுவோம்.

முதலில் வந்த பிரதர் தங்கமான மனிதர். என் கணவரோடு மல்லுக்கட்டி, கொஞ்சி, மிரட்டி எப்படியோ சாப்பிட வைத்துவிடுவார். அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போனதுதான் தப்பாகிவிட்டது. இந்த ஏஜென்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே ஆளை ஒரே வீட்டில் நிறைய நாள் விடமாட்டார்கள். விட்டால் வீட்டுக்காரர்களும் அவரும் பழகி, ஏஜென்சியைக் கழற்றிவிட்டு நேரடியாகப் பேசி முடித்துக்கொள்வார்களாம். அதனால் திடீரென்று ஆளை மாற்றிவிடுவார்கள். போகிறவரும் வருகிறவரும் சந்திக்கவே கூடாது. இந்த நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வழியில்லை. பெட்ரோல் பங்கில் ஷிப்ட் மாறும்போதுகூட வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள். பெட்ரோலுக்கு இருக்கிற மரியாதை என் கணவருக்கு இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை கேட்டைத் திறந்தால் புது ஆள் நிற்கிறார். நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டில் மடிப்புகூடக் கலையவில்லை.

"ஆபீஸ்லேர்ந்து அனுப்ச்சாங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏஜென்சி முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பேசினார். "டோன்ட் வொரி மேடம். ஃபுல் டிரெயினிங் எடுத்தவர். சாரோட கேஸ் மொத்தமும் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்."

நான் அதோடு விடவில்லை. பவுடர் டப்பாவைக் காட்டினேன். அவர் கண் முன்னாலேயே தண்ணீரில் கலந்து காட்டினேன். "வெறும் தண்ணி குடுக்கவே கூடாது, புரியுதா?" என்றேன். "புரீதும்மா" என்றார். "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி பேஷண்ட்டைப் பாத்திருக்கீங்களா?" என்றேன். "பாத்துகீறேம்மா" என்றார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். மரியாதையான ஆளாகத்தான் தெரிந்தார். என் கணவரைப் பார்த்து "வணக்கம் சார், இன்னா சார் சாப்டலாமா?" என்று கேட்டுவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளப் போனேன்.

ஸ்டாண்டை எடுக்கக்கூட இல்லை. உள்ளேயிருந்து இருமல். சாதாரண இருமல் இல்லை. ஓடினேன்.

கஞ்சி வேகமாகப் போய் அவருக்குப் புரையேறியிருக்கிறது. புரையேறினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? யாரோ நினைக்கிறார்கள் என்போம். உச்சந்தலையில் தட்டுவோம். தண்ணீர் கொடுப்போம். அதைத்தான் அந்தப் புது ஆளும் செய்துகொண்டிருந்தார். அதுவும் எவ்வளவு பிரியமாக! "யாரோ நெனைக்கறாங்க சார், உங்களத்தான் நெனைக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே தலையில் தட்டி, இன்னொரு கையால் தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்துச் சாய்த்துக்கொண்டிருந்தார். தடுக்க என் கணவருக்கு வலது கை எழாது. இடது கை அந்த ஆளுடைய முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. கண் இரண்டும் பிதுங்கி என்னைப் பார்த்தன. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

செம்பைத் தட்டிவிட்டேன். அவரை முன்னால் குனிய வைத்து முதுகில் அறைந்தேன். தண்ணீரும் கஞ்சியுமாகக் கொஞ்சம் வெளியே வந்தது, மூச்சு வரவில்லை. வந்தாலும் விசில் மாதிரி ஒரு சத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது யார், நானா எதிர்வீட்டுக்காரரா என்றுகூட இப்போது ஞாபகமில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை நேரத்து நெரிசலில் ஆம்புலன்ஸ் ஊர்ந்தது. அந்தப் புது ஆளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. அவராகவே ஏறிக்கொண்டார். ஆம்புலன்ஸில் இருந்தவர் "சாயாம புடிங்க" என்றதும் என் கணவரின் முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரும்வரை விடாமல் பிடித்திருந்தார்.

நேராகத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் வெளியே வந்தேன். அந்த ஆள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். என் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"எங்கய்யா நர்சிங் படிச்ச நீ?" என்று கத்தினேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நர்சிங்கா?" என்றார். அழுதுகொண்டிருந்தார். "நான் வாட்ச்மேம்மா. முந்தாநாள் வரிக்கும் மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட்டு கேட்ல நின்னுகினு இருந்தேன். நேத்து கூப்ட்டு, ஒரு வூட்ல ஆள் வேணும், நீ போன்னாங்க. எனக்கு அந்த வேல தெரியாதுன்னேன். கஞ்சி ஊட்டத் தெரியாதா, பேம்பர்ஸ் மாத்தத் தெரியாதா, அவ்ளோதான் வேலைன்னு சொல்லி இந்தக் கோட்டக் குட்த்தாங்க. அந்தம்மா எத்தக் கேட்டாலும் ஆமான்னு சொல்லு, தெர்லன்னு மட்டும் சொல்லிடாதன்னாங்க."

"வெறும் தண்ணி குடுக்காதன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"சாப்பாட்டுக்குதான் அப்டின்னு நெனச்சிகினேம்மா. புரையேறுனா தண்ணி குட்க்காம எப்டிம்மா? எம் புள்ளைக்கு அப்டித்தானம்மா குட்க்கறேன்."

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித் தராமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எனக்குச் சொல்லித் தர ஒருவர் இருந்தார். இவருக்கு யாரும் இல்லை. கோட்டு மட்டும் இருந்தது.

என் கணவர் பிழைத்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். நிமோனியா, செயற்கை சுவாசம் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்தார். அவர் கண் திறந்து என் கையைப் பிடித்த பிறகுதான் என்னால் வேறு எதையும் யோசிக்க முடிந்தது. யோசித்ததும் கோபம்தான் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிற ஏஜென்சிக்குப் போனேன்.

ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடி. வாசலில் போர்டு: செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிரைவர், ஹோம் நர்சிங். உள்ளே சுவரோரம் ஒரே கம்பியில் நீலச் சட்டை, காக்கிச் சட்டை, வெள்ளைக் கோட்டு எல்லாம் வரிசையாகத் தொங்கின. இன்றைக்கு எந்த வீட்டிலிருந்து போன் வருகிறதோ அந்தச் சட்டை. கல்யாண வீட்டில் வாழைக்காய் தீர்ந்தால் கத்தரிக்காயை நறுக்கிப் போடுகிற மாதிரி மனிதர்களை மாற்றிப் போடுகிறார்கள்.

முதலாளி ஜூஸ் வரவழைத்தார். வேண்டாம் என்றேன். "வெரி சாரி மேடம். ஆக்சிடென்ட்தான். அந்த ஆளை அன்னிக்கே தூக்கிட்டேன். நாளைக்கே உங்களுக்கு வேற நல்ல பிரதரா ரீப்ளேஸ்மென்ட் அனுப்பறேன்" என்றார்.

"ரீப்ளேஸ்மென்ட்டா? மிக்சி ரிப்பேர்னு சொல்லவா வந்து நிக்கறேன்?" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. இன்னும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க கோபம் நியாயம்தான் மேடம். வேணும்னா அந்தாள் மேல போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க. நானே கூட வந்து சாட்சி சொல்றேன்."

தெரியாது என்று சொன்னவனைத் தெரியும் என்று சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டு, இப்போது அவனைப் பிடித்துக் கொடுக்கச் சாட்சிக்கும் வருகிறானாம்! புகார் கொடுக்கிறேன், அந்த ஆள் மேல் இல்லை, உன் மேல் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அதன் பிறகு நான் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. சுகாதாரத் துறை சம்பந்தப்பட்ட ஒரு ஆபீசில், ஆஸ்பத்திரி கிளினிக் என்றால் எங்களிடம் வாருங்கள், வீட்டுக்குள் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய என்றார்கள். தொழிலாளர் சம்பந்தப்பட்ட ஆபீசில், அந்த ஆளுக்குச் சம்பளம் வரவில்லை என்றால் அவர் வந்து சொல்லட்டும், நோயாளி விஷயம் எங்களுக்கு வராது என்றார்கள். இன்னொரு இடத்தில், அந்த மாடிக்குக் கடை நடத்த லைசென்ஸ் இருக்கிறதே, அப்புறம் என்ன என்றார்கள். ஒருவர் மட்டும், இதற்கெல்லாம் ஏதோ விதிமுறை வரப்போவதாகப் பேச்சு இருக்கிறது, பொறுத்திருங்கள் அம்மா என்றார். பொறுத்திருக்க வேண்டுமாம். நுரையீரல் பொறுத்திருக்குமா?

யோசித்துப் பாருங்கள். டீக்கடையில் பால் கெட்டிருந்தால் பிடிக்க ஆள் வருகிறது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்ஸும் பேட்ஜும் இல்லாவிட்டால் நடுரோட்டில் நிறுத்துகிறார்கள். எடைக்கல்லுக்கு முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாத ஒரு மனிதரின் வாயில் கஞ்சியை வைக்கிறவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவரை அனுப்புகிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் பெரிய படிப்பெல்லாம் கேட்கவில்லை. எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது, மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று முறையாகச் சொல்லிக் கொடுங்கள். கற்றுக்கொண்டாரா என்று சோதித்துவிட்டு ஒரு அடையாள அட்டை கொடுங்கள். ஆளை மாற்றினால் பழைய ஆளும் புது ஆளும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்கட்டும். தப்பு நடந்தால் அனுப்பியவன் கழுத்தையும் பிடியுங்கள். இதைச் செய்ய ஒரு அரசாங்கத்தால் முடியாதா?

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் என் புகாரைப் படித்தார்கள். எல்லோரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வேலையை விட்டுத் தூக்கிய அந்த வாட்ச்மேனையும் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்திருந்தார். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வாட்ச்மேனுடைய மனைவியும் பஸ் ஏறி வந்து, வாசல் வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

எஸ்.ஐ. நல்ல மாதிரிதான் பேசினார். "அம்மா, தண்ணி குடுத்தது யாரு? இவர்தானே?"

"குடுத்தது இவர் சார். ஆனா ஒண்ணும் தெரியாதவர்னு தெரிஞ்சே, எல்லாம் தெரிஞ்சவர்னு சொல்லி அனுப்புனது அவர்."

"அது எனக்குப் புரியுதும்மா. ஆனா அவர் வாய்வார்த்தையா சொன்னதுக்கு நான் என்னத்தப் போடறது? குடுத்தவர் மேல அஜாக்கிரதைன்னு கேஸ் போடலாம். அனுப்புனவர் மேல கேஸ் போட்டா கோர்ட்ல நிக்காது. இவர் மேல வேணா சொல்லுங்க, இப்பவே போடறேன்."

முதலாளி தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "தப்பு என்துதாம்மா, எழுதிக்கோங்க" என்றார். "சாரு இப்ப சாப்புடறாராம்மா?" என்றும் கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு என் கணவரிடம் இதைப் பேசியிருந்தேன். அவருக்கு ஒரு வார்த்தை வெளியே வரவே நேரமாகும். "அவன்... வண்டில... என்னை விடல" என்றார். பிறகு இடது கையை உயர்த்தி, மாடிப்படி ஏறுகிற மாதிரி விரலால் காட்டி, "மேல... இருக்கான் பாரு... அவன்" என்றார். எங்கள் இருவருக்கும் வேண்டியது அந்த மாடிக்காரன். சட்டத்துக்குக் கிடைத்தது தரையில் உட்கார்ந்து அழுதவர்.

நான் புகாரை வாபஸ் வாங்கினேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தப்பான கழுத்தில் கயிறு போட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் முதலாளி "தேங்க்ஸ் மேடம்" என்று கைகூப்பினார். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, அடித்த போனை பைக் டேங்க் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். ஸ்டேஷன் வாசலிலேயே, என் காது கேட்கவே பேசினார். "ஆமாங்க மேடம். நாளைக்குக் காலையில சிஸ்டர் உங்க வீட்ல இருப்பாங்க. ஃபுல் டிரெயினிங் எடுத்தவங்க. டோன்ட் வொரி."

எனக்கு என்ன ஆனதோ தெரியாது. போனைப் பிடுங்கினேன். "நம்பாதீங்க! இவர் அனுப்பற ஆளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கறதில்ல. நேத்து வரைக்கும் என்ன வேலை பாத்தாங்கன்னு கேளுங்க. என் வீட்டுக்காரர் செத்துப் பொழச்சிருக்கார், கேளுங்க!" என்று கத்தினேன். எஸ்.ஐ.கூட வாசலுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், என் வயதுதான் இருக்கும். நிதானமாகச் சொன்னார். "எங்கம்மா படுத்த படுக்கைங்க. நாளைக்கு நான் டூட்டில ஜாயின் பண்ணலன்னா வேலை போயிடும். சரி, இவங்க வேணாம். நம்பி விடலாம்னு ஒரு இடத்தை நீங்க சொல்லுங்க. அங்கேயே ஆள் எடுத்துக்கறேன்."

அத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியவள், அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு இடம்கூட இல்லை. முதலாளி என் கையிலிருந்து போனை வாங்கி, "சாரி மேடம், பக்கத்துல ஏதோ சண்டை, நாளைக்குக் காலையில ஆள் வந்துடும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

நான் வேலையை விட்டுவிட்டு என் கணவரோடு வீட்டிலேயே இருக்கிறேன். கஷ்டம்தான், ஆனாலும் விட முடிந்தது. அந்தப் பெண்ணால் முடிந்திருக்காது. அவர் என்னிடம் கேட்டது ஒரு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மறுநாள் காலை அவருடைய அம்மாவுக்கு யார் கஞ்சி ஊட்டினார்கள், அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் யாருக்குமே தெரியாது என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்று அந்த வாசலில் வந்த கோபம் இன்றும் எனக்கு அப்படியே வருகிறது.